சுண்டுவிரலில் தங்கிய தெரு

கரண்டு எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாத வருஷங்களில் தொழில் கற்றவள் நான். அந்த வருஷங்களில் ஒரு காதணி விழாப் பத்திரிகை அடிப்பதென்றால், தாய்மாமன்கள் அத்தனை பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடியும் சண்டை போட்டு, கடைசியில் ஒரு வரிசைக்கு வந்து, நான் அதை அடித்து முடிக்கிற நேரத்தில் பொட்டென்று திரை கறுத்துப்போகும். கரண்டு திரும்பி வரும்போது வரிசை போயிருக்கும், மாமன்கள் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். பட்டுப் பட்டுத்தான் புத்தி வந்தது. ஒரு பெயர் அடித்தால் ஒரு சேவ், ஒரு கமா வைத்தால் ஒரு சேவ். இடது கைச் சுண்டுவிரல் கீழ் மூலை கன்ட்ரோல் சாவியில் இறங்கும், மோதிரவிரல் அதற்கு மேலே எஸ் சாவியைத் தொடும், என்னைக் கேட்காது. சோறு பிசைகிறபோது வலது கை பிசையும், இடது கை இலை ஓரத்தில் சேவ் பண்ணும். கமிஷன் கடையில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் போடிக் கடைவீதியில் ‘வேலுத்தாய் கிராபிக்ஸ்’ என்று போர்டு மாட்டினேன் என்றால் அந்த இரண்டு விரலால்தான். கட்டினவன் போன பிறகும் அந்த இரண்டு விரலும் என்னை விட்டுப் போகவில்லை.

பழைய கம்ப்யூட்டர் ஒரு மழைக்காலத்தில் ஊதி வெடித்துச் செத்தது. கோயம்புத்தூரில் ஒரு ஸ்டூடியோவை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பளபளவென்று ஒன்று இருந்தது. விற்கிறவனை உட்காரவைத்து, எழுந்திருக்கவைத்து, நான் வாசல் வரை கோபித்துக்கொண்டு போய், அவன் கூப்பிட்டுத் திரும்பி வந்து, படிந்தது.

“அக்கா, வெல முடிஞ்சுதுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இதுல உங்க பழைய சிஸ்டம் ஏறாது. இது வேற சிஸ்டம்.”

“கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தானே. எனக்கா தெரியாது?”

“தெரியாதவங்க ஒரு வாரத்துல கத்துக்குவாங்கக்கா. தெரிஞ்சவங்களுக்குத்தான் கஷ்டம்.”

“கஷ்டம்னா அதுக்கும் வெலயக் கொற,” என்றேன். குறைத்தான். ஏன் உடனே குறைத்தான் என்று அப்போது யோசிக்கவில்லை.

வேறு ஊருக்கு வாக்கப்பட்டுப் போனவள் இருட்டில் எழுந்து சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவுவாள் இல்லையா, அவளுக்குச் சுவிட்சு என்றால் என்னவென்று தெரியும், சுவர் என்றால் என்னவென்று தெரியும், கை போகிற இடத்தில்தான் அது இருக்காது. எனக்கு அந்தப் பாடு. மூடுகிற பொத்தான் வலது மூலையில் இருக்கும் என்று கை போகும், அது இடது மூலையில் உட்கார்ந்திருக்கும். மூடினோம் என்று நினைப்பேன், மூடியிருக்காது, கீழே ஒரு புள்ளியை ஏற்றிவைத்துக்கொண்டு உயிரோடு கிடக்கும். பக்கத்தைக் கீழே இழுத்தால் மேலே ஓடும். சுண்டுவிரல் செய்த வேலையெல்லாம் இங்கே கட்டைவிரலுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. மவுஸைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன், சுவரில் பட்ட அடி இன்னும் இருக்கிறது. எல்லாவற்றையும்விட ஆத்திரம் என்னவென்றால், இந்தப் புது சிஸ்டம் தன்னாலேயே சேவ் பண்ணிக்கொண்டது. நான் அடிக்க அடிக்க அது எடுத்து வைத்துக்கொண்டே இருந்தது, கரண்டு போனாலும் ஒரு கமாகூடக் காணாமல் போகவில்லை. சுண்டுவிரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலை இல்லாமல் போன விரல் வீட்டில் உட்காருமா, தெருவில் இறங்கியது.

முதலில் சிக்கியது ஏலக்காய் மூட்டை. கமிஷன் கடைக்கு லேபிள் கொடுக்கப் போயிருந்தேன். பொறுக்குகிற பெண்கள் சுளகோடு உட்கார்ந்திருந்தார்கள். அதில் செல்லக்கிளி என்பவள், “மெசினு புதுசாருக்கு, மதினி மூஞ்சிதான் பழைய மெசினு மாதிரி சூடாவுது,” என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், என் இடது கை ஒரு மூட்டையின் மேல் கிடந்தது, சுண்டுவிரல் இறங்கியது, மோதிரவிரல் தொட்டது. மறுநாள் அதே நேரத்துக்கு அந்த மூட்டை சிரித்தது. அதற்கு மறுநாளும் சிரித்தது. முதலாளி மூட்டையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, எடை சரியாக இருக்கிறது, காய் பச்சை குறையவில்லை என்று ஏலத்தில் விட்டார், அது சிரித்துக்கொண்டே வடக்கே போயிற்று. வாங்கின சேட்டு போன் போட்டு இதே மாதிரி சரக்கு இன்னும் இருக்கிறதா என்று கேட்டதாகச் சொன்னார்கள்.

அப்புறம் தெரு முழுக்க ஆரம்பித்தது. நான் தொட்டு அழுத்தின இடத்தில், அந்த நேரத்தில் எது ஒலித்ததோ அது தங்கிவிட்டது, தினமும் அதே நேரம் வந்தால் ஒரு தடவை ஒலித்து அடங்கியது. அதே இடத்தில் மறுபடி அழுத்தினால் பழையது போய்ப் புதியது உட்கார்ந்தது, பழைய சிஸ்டத்தில் ஒரே பெயரில் சேவ் பண்ணினால் என்ன ஆகுமோ அதுவேதான். பேங்க் கவுண்டரில் கிழிந்த நோட்டுக்காக நான் போட்ட சண்டை தங்கிவிட்டது. என் குரல் கத்துகிற நேரத்துக்குக் கேஷியர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பழகினார். காய்கறிக் கடைத் தராசில் நான் பேசின பேரம் தங்கிவிட்டது. “இத மாடு திங்குமாய்யா, பாதி வெலைக்குப் போடு” என்று தராசு பேசுகிற நேரம் பார்த்துப் பெண்கள் கூடையோடு வந்து வாயைத் திறக்காமல் நிற்பார்கள், கடைக்காரன் தலையில் அடித்துக்கொண்டு பாதி விலைக்குப் போடுவான். கோயில் தூணில் எங்கள் தெருச் சுகந்தியின் பிள்ளை முதல் முதலாக ‘ம்மா’ என்றது தங்கிவிட்டது. பிள்ளை கெட்ட வார்த்தை பேசுகிற அளவு வளர்ந்த பிறகும் சுகந்தி சாயங்காலம் அதைத் தூக்கிவந்து அதனுடைய குரலை அதற்கே கேட்கவைப்பாள். அர்ச்சகர் தீபாராதனையை மட்டும் கொஞ்சம் தள்ளிவைத்துக்கொண்டார். என்னைக் கண்டால் எல்லாரும் முதலில் என் இடது கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு ஊர் ஒரு சங்கதியை ஏற்றுக்கொள்வதென்றால் வேறு என்ன, நேரத்தைக் கொஞ்சம் மாற்றிவைத்துக்கொள்வதுதான்.

என் கடைக்கு ஒட்டினாற்போல இருளப்பன் டீக்கடை. அவன் பெஞ்சில் பாதி என் கடை வாசலில் கிடக்கும். அதை இழுத்துப் போடச் சொல்லி நான் கத்தாத நாள் இல்லை, இழுத்துப் போடாமல் அவன் எனக்கு டீ ஆற்றாத நாளும் இல்லை. அன்றைக்குப் பேப்பர் லோடு கொண்டுவந்த டிரைவரோடு பெஞ்சு ஓரத்தில் கை ஊன்றி நின்று வாதாடிக்கொண்டிருந்தேன். அடுப்புக்குப் பின்னாலிருந்து இருளப்பன் கூப்பிட்டான்.

“வேலுத்தாயி, டீ ஆறுது.”

“வாரேன்யா, உசுர எடுக்காத,” என்றேன். தினமும் அவன் சொல்வதும் தினமும் நான் சொல்வதும் அதுதான். ஆனால் அவன் முடிக்கும்போதே, நான் ஆரம்பிக்கும் முன்பே, சுண்டுவிரல் இறங்கிவிட்டிருந்தது. அவன் பாதி மட்டும் பெஞ்சில் தங்கியது. மறுநாளிலிருந்து பதினோரு மணி டீக்கு அவன் கூப்பிட வேண்டிய வேலை இல்லாமல் பெஞ்சே கூப்பிட்டது. “சம்பளம் கேக்காத ஆளு,” என்று பெஞ்சைத் தட்டிக்கொடுத்தான்.

அந்தக் கோடையில் இருளப்பன் பால் சட்டியை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் நான்தான் அடிக்க வேண்டும், வேறு யார் அடிப்பார்கள். அவன் மச்சினன் மகள் காதணி விழா பேனரில் மாலையோடு நின்ற படத்தில் அவன் தலையை மட்டும் வெட்டி எடுத்தேன். புது சிஸ்டத்தில் என் கை தடுமாறாமல் செய்த முதல் வேலை அதுதான். மூடுகிற பொத்தானுக்குக் கை இடது பக்கம் போயிற்று. கட்டைவிரல் போக வேண்டிய சாவிக்குக் கட்டைவிரல் போயிற்று. அவன் பெயரை அடித்தேன், பிறந்த வருஷம் அடித்தேன், இறந்த தேதி அடித்தேன், சுண்டுவிரல் ஒரு தடவைகூட அசையவில்லை. அப்போது அதைக் கவனிக்கவில்லை. வேலை முடிந்து எழுந்தபோது வாசலில் பெஞ்சு கூப்பிட்டது.

“வேலுத்தாயி, டீ ஆறுது.”

துட்டி கேட்க வந்தவர்கள் ஒரு நொடி நின்று, தலையைக் குனிந்து, மறுபடி நடந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் பெண்டாட்டி பவுனு கடையைத் திறந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். பதினோரு மணிக்குப் பெஞ்சு கூப்பிட்டது, நான் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கிளாசைக் கையில் எடுத்துக்கொண்டு அவளே வந்தாள்.

“மதினி, கூப்டுறாருல்ல.”

“பவுனு, அது பெஞ்சு.”

“என்னைய ஒரு நாளு பேரு சொல்லிக் கூப்ட்டதில்ல அந்த மனுசன். ‘இந்தா’ம்பாரு, ‘ஏய்’ம்பாரு. முழுசா ஒரு பேரச் சொல்லிக் கூப்ட்டு வச்சிட்டுப் போயிருக்காரு, அதும் உங்க பேரு.” கோபமாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. “இருக்கட்டும். கொரலு கொரலுதான. நீங்க வரணும். வரலைன்னா பதில் இல்லாமக் கெடக்கும், எனக்கு அடுப்படியில நிக்க முடியல.”

போனேன். அன்றிலிருந்து தினமும் போனேன். செத்தவன் கூப்பிடுவான், நான் போய் அந்தப் பெஞ்சில், இடது கையை மடியில் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்காருவேன், பவுனு ஆற்றிக் கொடுப்பாள்.

அந்த நேரத்தில்தான் பெரிய ஆர்டர் வந்தது. ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி, லேபிள், பை எல்லாம் சீசன் முழுக்க நான் செய்ய வேண்டும். பக்கத்துத் தெருவில் புதிதாக ஒருவன் கடை போட்டு என் வாடிக்கையை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தான், இந்த ஆர்டரை விட்டால் நான் போர்டைக் கழற்றி மறுபடி சுளகைத் தூக்க வேண்டியதுதான். உட்கார்ந்தேன். கை கற்றுக்கொண்டது. கட்டைவிரல் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ளச் சுண்டுவிரல் மறந்தது.

தராசுதான் முதலில் கம்மியது. என் பேரம் முனகலாகி, முனகல் இருமலாகி, ஒரு நாள் தராசு சும்மா தராசாக நின்றது, கடைக்காரன் தேங்காய் உடைத்தான். பேங்க் கவுண்டர் அடங்கியது, கேஷியருக்குப் பழக்கத்தில் அந்த நேரத்துக்குப் பசித்தது. கோயில் தூணில் பிள்ளை குரல் தூரத்து வீட்டில் அழுகிற மாதிரி ஆயிற்று. சுகந்தி தூணில் காதை வைத்து அழுத்திக் கேட்டு, கன்னத்தில் விபூதியோடு என் கடைக்கு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வியாபாரிகள் சங்கத் தலைவர் சௌந்தரபாண்டி, அவருக்குப் பின்னால் பாதித் தெரு.

“வேலுத்தாயி,” என்றார் தலைவர், துண்டைச் சரிசெய்துகொண்டு. “நீ புது சிஸ்டத்தக் கத்துக்கிற அன்னிக்கெல்லாம் தெருவுல ஒண்ணு அவிஞ்சு போகுது. எல்லாரும் பாத்துட்டோம். கொஞ்சம் கத்துக்காம இரு. சங்கத்துலருந்து ஏதாச்சும் பாத்துச் செய்யிறோம்.”

“ஒருத்தி படிக்கக் கூடாதுன்னு சங்கத்தக் கூட்டிக்கிட்டு வந்திருக்கீக. இதுக்கு மைக்செட் வைக்கலியா?”

“கோவப்படாத.”

“அடுப்புல ஒல வைக்கிறது யாரு, ஒங்க சங்கமா? பழைய சிஸ்டமும் செத்துருச்சு, அதுல வேல பாத்தவளும் சாகணுமா?”

கத்தினேன். கத்தின கத்தில் அவர்கள் போய்விட்டார்கள். அப்படிக் கத்துகிறபோது என் இடது கை மேசைமேல் கிடந்தது. அது எதையும் பிடித்துவைக்கவில்லை. மேசை அந்தச் சண்டையை ஒரு நாளும் திரும்பச் சொல்லவில்லை. 

பவுனு அந்தக் கூட்டத்தில் வரவில்லை. மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்தபோது, “இன்னிக்குக் கூப்ட்டாரா மதினி?” என்று கேட்டாள். கூப்பிட்டிருந்தான். அடுப்பு இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. நான் இரைகிற அடுப்பைக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கொதிக்காத பாலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நாளையிலருந்து அந்த நேரத்துக்கு அடுப்ப அமத்திப் போட்டுர்றேன்,” என்றாள்.

நான் யாரிடமும் எதையும் சும்மா கொடுத்தவள் இல்லை, யாரும் எனக்குச் சும்மா கொடுத்ததும் இல்லை. ஆனால் அந்த அணைந்த அடுப்பு என்னைப் படுத்தியது. பழைய கீபோர்டை மச்சிலிருந்து எடுத்துத் துடைத்து, வீட்டுச் சுவரோரம் மடியில் வைத்துக்கொண்டு, சுண்டுவிரலைப் பழக்கப் பார்த்தேன். நினைத்து அழுத்தினால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தது. நினைக்காமல் அழுத்தினால்தான் தங்கும், நினைக்காமல் அழுத்துவதைத்தான் அது மறந்துகொண்டிருந்தது. எப்போதோ ஒரு தடவை, கை சுவரில் சாய்ந்திருந்தபோது, தானாக இறங்கியது. அதில் நான் மூச்சு விடுகிற சத்தம் சுவரில் தங்கியது. என் வீட்டில் எனக்கு முன்னால் நான் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஆனால் ஒன்று விளங்கியது: விரலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

பவுனுவிடம் பேரம் பேசினேன். “அவரு கூப்டுற நேரம் பாத்து, அதே இடத்துல நான் மறுபடியும் அழுத்துறேன். தன் மேலயே தான் உக்காந்துக்கிரும். புதுசாயிரும். அப்புறம் நான் கத்துக்கிட்டாலும் கொஞ்ச நாளைக்குத் தாங்கும். ஆனா அந்த நேரத்துல வேற சத்தம் இருக்கக் கூடாது. ஒரு காக்கா கத்துனாலும் காக்காதான் தங்கும்.”

“தெருவ நான் பாத்துக்கிறேன்,” என்றாள்.

எப்படிப் பார்த்துக்கொண்டாளோ தெரியாது. குறித்த நாளில் பதினோரு மணிக்கு முன்னால் பேருந்துகளை முக்குக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். ஆட்டோக்காரர்கள் சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பொறுக்குகிற பெண்கள் சுளகை மடியில் கவிழ்த்துக்கொண்டார்கள், செல்லக்கிளி வளையலைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டாள். சுகந்தி பிள்ளையின் வாயைப் பொத்தினாள். சௌந்தரபாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஏலக் கூடத்தில் விலை கூவுகிறவர் பாதி விலையில் வாயை மூடினார். குரங்கணி மலையிலிருந்து இறங்கின மஞ்சுமூட்டம் தெருவுக்குள் வந்து அதுவும் நின்றது போலிருந்தது. ஏலக்காய் வாசனை மட்டும் நடமாடிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல் பெஞ்சு ஓரத்தில் கையை ஊன்றி, எதையும் நினைக்காமல் இருப்பதற்காக, பேப்பர் லோடு டிரைவரின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவனையும் பவுனு வரவழைத்திருந்தாள். அடுப்புக்குப் பின்னால் அவள் கண்ணை மூடி நின்றாள்.

இருளப்பன் கூப்பிட்டான். வெகு தூரத்திலிருந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, ஆனால் தெரு முழுக்கக் கேட்டது.

“வேலுத்தாயி, டீ ஆறுது.”

“வாரேன்யா, உசுர எடுக்காத.”

யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன். நான்தான் சொன்னேன். விரலை எதையும் நினைக்காமல் வைத்திருந்தேன், வாயைக் கட்டிவைக்க மறந்துவிட்டேன். சுண்டுவிரல் இறங்கிவிட்டிருந்தது, மோதிரவிரல் தொட்டுவிட்டிருந்தது, அவன் முடித்த பிறகு, நான் சொன்னபோது. ஊரே கேட்டது.  செல்லக்கிளி வளையலை வாயிலிருந்து எடுத்தாள். பேருந்து கிளம்புகிற சத்தம் வந்தது. பவுனு கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு சுண்டுவிரல் சும்மா ஒரு விரலாயிற்று.

மறுநாள் புது சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கை ஓடிக்கொண்டிருந்தது, எந்தச் சாவி எங்கே என்று யோசிக்கவே இல்லை, அந்தக் கோயம்புத்தூர்க்காரன் பார்த்தால் விலையைக் கூட்டியிருப்பான். பதினோரு மணி ஆயிற்று. வாசலில் பெஞ்சு, யாரும் கூப்பிடாமல், என் குரலில் சொன்னது:

“வாரேன்யா, உசுர எடுக்காத.”

கட்டைவிரல் சாவியிலேயே நின்றது.  அவனுடைய பாதி போய்விட்டது, என்னுடைய பாதி வெறும் தெருவைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் அந்தப் பெஞ்சில் உட்காருவேன். பவுனு வந்து என் மேசையில் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன், துப்பினால் துடைத்துக்கொள்ளலாம் என்றும் இருந்தேன். அவள் வந்தாள். கையில் கிளாஸ் இல்லை. படியில் ஏறாமல் நின்றாள்.

“வாரேன்னு சொன்னீகள்ல மதினி,” என்றாள். “டீ ஆறுது.”

அன்றிலிருந்து தினமும் பெஞ்சு சொல்லும், அப்புறம் அவள் சொல்வாள். பதில் முதலில் வருகிறது, கூப்பிடுவது பின்னால் வருகிறது. தெருவில் புதிதாக வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பழகினவர்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். அடுப்பு மேடையில் இரண்டு கிளாஸ் இருக்கும். ஒன்றை நான் குடிப்பேன். இன்னொன்றில் ஆடை படர்ந்து, யாரோ ஊதுகிற மாதிரி அந்த ஆடை லேசாகச் சுருங்கும், அதைப் பவுனு பார்த்துக்கொண்டிருப்பாள், நான் பார்க்க மாட்டேன்.

இப்போது என் குரலும் கம்மிக்கொண்டு வருகிறது. நேற்று பெஞ்சு சொன்னது பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பவுனுவுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் கூப்பிட்டாள், என் பெயரை முழுசாக, இருளப்பன் நீட்டுகிற மாதிரியே நீட்டி. ஆர்டர் பாதியில் கிடந்தது, கம்பெனிக்காரன் போனில் காத்துக்கொண்டிருந்தான். இரண்டையும் அப்படியே போட்டுவிட்டு, பெஞ்சுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே பதில் சொல்லிக்கொண்டு எழுந்து போனேன்.